ஜாத்திரையில் என்னை யாரும் திட்டவில்லை

குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த என்னிடம் இந்த ஊர் கேட்ட முதல் கேள்வி, "எப்போ ரிட்டர்ன்?" என்பதுதான். கேட்டது வேறு யாரும் இல்லை, ரேணிகுண்டா ஏர்போர்ட் வாசலில் என் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்த என் சொந்த அண்ணன். ரிட்டர்ன் கிடையாது, வேலையை விட்டுவிட்டுத்தான் வருகிறேன் என்று ஒரு மாதமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டியில் ஏறியதும் மறுபடியும் சொன்னேன். அவர் பெரிதாகத் தலையை ஆட்டினார். திருப்பதிக்குள் நுழைவதற்குள், மாம்பழ சீசன் முடிகிற வரைக்குமாவது இருப்பேனா என்று கேட்டார்.

பதினெட்டு வருஷம் குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். நடுவில் கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை, அதை இங்கே இழுக்க வேண்டாம். திரும்பி வந்தபோது எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்த ஊரில் மறுபடியும் ஓர் ஆளாக இருக்க வேண்டும், விருந்தாளியாக இல்லை. இது பெரிய ஆசையா என்று நீங்களே சொல்லுங்கள். கிளம்பும்போது என் சூப்பர்வைசர், ஜூன் மாதம் வரைக்கும் உன் இடத்தில் யாரையும் போடமாட்டேன், மனசு மாறினால் சொல் என்றார். அவசியமே இருக்காது என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

நாங்கள் நகரி பக்கத்துத் தமிழ்க் குடும்பம். எங்கள் அப்பா, நைனா காலத்திலேயே திருப்பதிக்கு வந்து, கங்கம்மா கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் வீடு கட்டிக்கொண்டோம். அண்ணன் பந்தல் சாமான், நாற்காலி, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறார். வீட்டில் ஏசி போட்ட அறை ஒன்றுதான். அதை எனக்குக் கொடுத்துவிட்டு அண்ணனும் அண்ணியும் கூடத்தில் ஃபேன் காற்றில் படுத்துக்கொண்டார்கள். வேண்டாம் என்றேன். உனக்கு இந்த ஊர் வெயில் தாங்காது என்றார்கள். ஐம்பது டிகிரி வெயிலில் மொட்டை மாடிகளில் நின்று ஏசி மாட்டியவனைப் பார்த்து இப்படிச் சொன்னால் என்ன பதில் சொல்வது?

அண்ணி எனக்கு மட்டும் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலை வைப்பார். அவர்கள் களியும் வேர்க்கடலைச் சட்னியும் சாப்பிடும்போது எனக்கு மட்டும் பச்சரிசிச் சோறு, வறுவல், அப்பளம். கேழ்வரகுக் களிக்காகப் பதினெட்டு வருஷம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தவன் நான். தட்டை நீட்டினால், "உனக்கு ஒத்துக்காது தம்பி" என்று சிரித்துக்கொண்டே பானையை நகர்த்திவிடுவார். அண்ணன் பேச்சில் 'டா' என்பதே காணாமல் போயிருந்தது. வாடா, இன்னாடா, எங்கடா போன என்று கூப்பிட்ட வாய், இப்போது வாப்பா, போப்பா என்றது.

எல்லாவற்றையும்விட என்னை எரியவைத்தது தண்ணீர்தான். எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு இருக்கிற முனிசிபாலிட்டிக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் தண்ணீர் வரும். வந்தால் வீடே எழுந்து ஓடும். குடம், வாளி, டிரம் என்று எல்லாம் உருளும் சத்தம் ஏசி அறைக்குள் எனக்குக் கேட்கும். கதவைத் திறந்துகொண்டு போய் நின்றால், அண்ணி என் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டு, போய்ப் படுத்துக்கொள்ளச் சொல்வார். எதிர்வீட்டுப் பெண்கள் வேறு, பாவம் அவரை ஏன் எழுப்பினீர்கள் என்று அண்ணியைக் கண்டிப்பார்கள்.

சந்து முனையில் டீக்கடை. கடைக்காரன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், எதிர்வரிசையில் மூன்றாவது வீடு. சின்ன வயதில் ஒரே சைக்கிளில் சுற்றியிருக்கிறோம். நான் வந்த மறுநாள் கடைக்குப் போனபோது நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டு, "உக்காருங்க துபாய் சார்" என்றான். நான் துபாய்க்குப் போனதே இல்லை. குவைத் என்றேன். சரி சார் என்றான். அடுத்த நாளும் துபாய் சார்தான். இவர்களுக்கு ஆகாய விமானம் ஏறிப் போனால் எல்லாம் துபாய்தான். என் டீக்கு மட்டும் பாலைப் புதிதாகக் காய்ச்சுவான், கண்ணாடி கிளாஸை இரண்டு தடவை கழுவுவான். நான் இருக்கிற வரைக்கும் கடையில் யாரும் அரசியல் பேச மாட்டார்கள், சண்டை போட மாட்டார்கள். நான் எழுந்து நாலு எட்டு வைத்ததும் பேச்சு மறுபடி ஆரம்பிப்பது முதுகுக்குப் பின்னால் கேட்கும்.

இதையெல்லாம் நான் சொல்லி அழ ஒரே ஒரு ஆள் இருந்தான். குவைத்தில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரன். அவனும் என்னைப்போலவே ஒரேயடியாக ஊருக்குத் திரும்பியிருந்தான், எனக்கு ஒரு மாதம் முன்னால். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவான். நாங்கள் பேசுவது ஓட்டை இங்கிலீஷும் கொஞ்சம் அரபியும். அவன் ஊரில் அவனைப் பார்த்ததும் ஜனங்கள் முதலில் பார்ப்பது அவன் முகத்தை இல்லையாம், பின்னால் வருகிற அட்டைப்பெட்டியையாம். ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய பெட்டி, டின் கறி, சாக்லேட், சோப்பு, துண்டு, செருப்பு என்று வருஷம் முழுக்கச் சேர்த்துச் சேர்த்து அவன் கட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை பெட்டி இல்லாமல் போனான். ஒருவேளை கப்பலில் வருகிறதோ என்று சொந்தக்காரர்கள் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார்களாம். பிறகு, வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது.

பழைய நண்பர்களைக் கூட்டி விருந்து வைத்தான். பணத்திமிர் என்றார்கள். அடுத்த தடவை வைக்கவில்லை. கஞ்சன் ஆகிவிட்டான் என்றார்கள். வெயிலில் வியர்த்தால், ஐயோ வெள்ளைக்காரருக்கு வியர்க்கிறது என்று சிரித்தார்கள். பஞ்சாயத்து ஆபீஸில் வரிசை நகரவில்லையே என்று முணுமுணுத்தான், அதுவும் வரிசையில் நின்ற எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது. இவனை மட்டும் திரும்பிப் பார்த்து, எங்கள் ஊர் உனக்கு இப்போது பிடிக்கவில்லை, அப்படித்தானே என்றார்களாம். அவர்கள் நாட்டில் வெளிநாடு போய் உழைக்கிறவர்களை வீரர்கள் என்று அரசாங்கமே சொல்கிறது. வீரன் ஊரில் இல்லாதவரைக்கும்தான் வீரன் என்றான் அவன். அங்கேயும் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக ஜனங்கள் கேட்பது அதே கேள்விதான், எப்போது ஃப்ளைட். கடலைத் தாண்டி இரண்டு ஊர்கள் சொல்லிவைத்தாற்போல எங்களைத் துரத்துவதைப் பார்த்து முதலில் இரண்டு பேரும் சிரித்தோம். நாலாவது ஞாயிற்றுக்கிழமை சிரிப்பு வரவில்லை.

ஏப்ரலில் வேலை தேடிச் சித்தூருக்குப் போனேன். மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஃபேக்டரி ஒன்றில் குளிர் அறையைப் பார்த்துக்கொள்ள மெக்கானிக் வேண்டும் என்று அண்ணனுக்குத் தெரிந்தவர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் பாதி வழி, பாகாலா வரைக்கும் நின்றுகொண்டே போனேன். மேனேஜர் தெலுங்கும் தமிழும் கலந்து தேனாகப் பேசினார். ஏசி அறையில் உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார். குவைத்தில் பெட்ரோல் என்ன விலை, அரபிக்காரர்கள் அடிப்பார்களா, தங்கம் நிஜமாகவே மலிவா என்று மதியம் வரைக்கும் கேட்டார். குளிர் அறையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கடைசியில் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டு, உங்களை மாதிரி ஆளுக்கு இங்கே என்ன இருக்கிறது, சீசன் நடுவில் நீங்கள் விமானம் ஏறிவிட்டால் என் கூழெல்லாம் புளித்துப்போகும் என்றார். நான் போகமாட்டேன் என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் சார் என்று சிரித்துக்கொண்டே வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் வெளியே தள்ளியதில்லை.

அப்புறம் மே மாதம், ஜாத்திரை வந்தது.

திருப்பதிக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு மலைமேல் இருக்கிற சாமிதான் தெரியும். கீழே இருக்கிற எங்களுக்குக் கங்கம்மா. ஜாத்திரைக்கு முன்னால் தப்பு மேளம் அடித்து ஊருக்குச் சாற்றுவார்கள். சாற்றிவிட்டால் முடிகிறவரைக்கும் ஊர்க்காரன் ஊரைத் தாண்டிப் போகக்கூடாது, வெளியூர்க்காரன் ராத்தங்கக்கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. அன்றைக்கு டீக்கடையில் ஒருவர் என்னைப் பார்த்து, சாற்றிவிட்டார்களே, நீங்கள் எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டார். கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, ஏன் சிரித்தோம் என்று எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

ஜாத்திரையில் ஆளுக்கொரு வேஷம் கட்டுவோம். அதில் பண்ட வேஷம் என்று ஒன்று. உடம்பெல்லாம் குங்குமத்தைப் பூசிக்கொண்டு, எதிரில் யார் வந்தாலும் நிறுத்தி வாய்க்கு வந்தபடி திட்டலாம். போலீஸ்காரர், வக்கீல், மாமனார், கடன் கொடுத்தவர், யாரானாலும் சரி. கங்கம்மாவுக்குப் பிடித்த திட்டு அது, வாங்கினால் தோஷம் கழியும் என்று நம்பிக்கை. திட்டு வாங்கியவர் கோபித்துக்கொள்ள மாட்டார், முடிந்தால் அங்கேயே திருப்பிக் கொடுப்பார், முடியாவிட்டால் அடுத்த வருஷம் வேஷம் கட்டிக்கொண்டு வந்து கொடுப்பார். சின்ன வயதில் நானும் டீக்கடைக்காரனும் இதில் கைதேர்ந்தவர்கள். குவைத்தில் இருந்த வருஷங்களில் ஜாத்திரை நாள் வந்தால், குளியலறையில் தனியாக நின்று யாரையாவது தமிழிலும் தெலுங்கிலும் திட்டிப் பார்த்துக்கொள்வேன். பிலிப்பைன்ஸ்காரன் நான் பிரார்த்தனை செய்வதாக நினைத்துக்கொண்டு பாட்டை நிறுத்திவைப்பான்.

அன்றைக்குக் காலையிலேயே நல்ல சட்டை போட்டுக்கொண்டு அண்ணன் கடை வாசலில் வந்து நின்றேன். திட்டு வாங்கத்தான். குங்குமம் பூசிய கும்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அண்ணனை நாற்காலித் திருடன் என்று திட்டினார்கள். அண்ணியைத் திட்டினார்கள், பக்கத்துக் கடை பெரியவரைத் திட்டினார்கள், அவர் பதிலுக்குக் குச்சியை ஆட்டிக்கொண்டு திட்டினார். என் முன்னால் வந்ததும் வாய் மூடிக்கொள்ளும். ஒருவன் கும்பிட்டான். ஒருவன், "சார், ஒரு செல்ஃபி" என்றான். நெற்றியில் மை, மார்பெல்லாம் சிவப்பு, கையில் வேப்பிலை, அந்தக் கோலத்தில் என் தோளில் கைபோடக்கூடக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்று படம் எடுத்துக்கொண்டான். மதியம் வரைக்கும் நின்றேன். ஒருவர்கூடத் திட்டவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, அண்ணி வைத்திருந்த குங்குமத்தை எடுத்துத் தலைமுதல் இடுப்புவரை பூசிக்கொண்டு தெருவில் இறங்கினேன். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியொரு சந்தோஷம். திட்டினேன், சிரித்தார்கள், திருப்பித் திட்டினார்கள். அதே வேகத்தில் டீக்கடை முன்னால் போய் நின்று, பழைய சிநேகிதன்தானே என்று, பாலுக்குப் பதிலாகப் பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றி விற்கிற திருடா என்று ஆரம்பித்து, இங்கே எழுத முடியாத இடம்வரைக்கும் போனேன். அதே திட்டைக் காலையிலிருந்து பத்துப் பேராவது அவனுக்குக் கொடுத்திருப்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். நடுவில் என் குரலை அடையாளம் கண்டுகொண்டான். சிரிப்பு நின்றது. கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தான். "ஆமாங்க சார், பாரின் டீ குடிச்ச வாய்க்கு நம்ம டீ கழுவின தண்ணி மாதிரிதான் இருக்கும்" என்றான். கடையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் ஜாத்திரை இல்லை.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் அண்ணன் வேறு சட்டை மாற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போய் எனக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். பண்ட வேஷத்தில் திட்டிய திட்டுக்கு மன்னிப்புக் கேட்ட ஒரே குடும்பம் இந்தத் திருப்பதியில் எங்களுடையதாகத்தான் இருக்கும். யார் உன்னைப் போகச் சொன்னது என்று நான் கத்தினேன். அண்ணன் கத்தவில்லை. "நீ திட்டிட்டுப் போயிடுவப்பா. நாங்க இங்கயே இருந்துக்கினு அவன் கடையில டீ குடிக்கணும்" என்றார். அந்த 'ப்பா'வைக் கேட்டதும் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலையில் நானே டீக்கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க இல்லை. சண்டை போடத்தான். நாற்காலியைத் துடைக்க வந்தவன் கையிலிருந்து துண்டைப் பிடுங்கிக்கொண்டு, ஊரே திட்டினது, உனக்கு நான் திட்டினது மட்டும் ஏன் குத்தியது என்று கேட்டேன். அவன் அடுப்பைத் தணித்துவிட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தான். வந்ததிலிருந்து அவன் என் எதிரில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"உங்க அண்ணன் திட்டினா அடுத்த வருஷம் நான் வேஷம் கட்டிக்கினு போயி அவர் கடை முன்னாடி நின்னு திட்டுவேன். சரியாப் போயிடும். நீங்க திட்டிட்டு ஃப்ளைட் ஏறிடுவீங்க. நான் யாராண்ட போயித் திருப்பித் திட்டறது?"

நான் ஏறமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சித்தூர் மேனேஜரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. இவனும் அதையே சொல்வான். சொல்லிப் பிரயோஜனம் இல்லை, இருந்து காட்டினால்தான் உண்டு என்று தோன்றியது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். டீ நிஜமாகவே தண்ணீராகத்தான் இருந்தது. அன்றைக்கு எனக்காகப் பாலைப் புதிதாகக் காய்ச்சவில்லை.

அந்த வாரமே பிலிப்பைன்ஸ்காரன் வீடியோவில் வந்தான். பின்னால் கயிறு கட்டிய பெட்டி தெரிந்தது. திரும்பிப் போகிறானாம். அங்கே நான் வேலைக்காரன், அது பரவாயில்லை, இங்கே என் அம்மா வீட்டிலேயே விருந்தாளி, அது முடியவில்லை என்றான். நம் சூப்பர்வைசர் உன்னையும் விசாரித்தார், இரண்டு பேருமாகவே போய்விடலாம் என்றான். அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அன்றைக்கு இரண்டு மணி நேரம் கோயில் தெருவில் நடந்தேன். திரும்பி வந்து, வரவில்லை என்று சூப்பர்வைசருக்குச் செய்தி அனுப்பினேன். பெரிய தைரியம் ஒன்றும் இல்லை. ஆமாம் பார், போயிட்டான் பார் என்று இந்தச் சந்தில் எல்லாரும் தலையாட்டுவதை நினைத்தபோது வந்த கோபம்தான்.

பிறகு ரேணிகுண்டாவில் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. அந்த முதலாளிக்கு நான் எங்கே இருந்து வந்தேன் என்பதில் அக்கறை இல்லை, எப்போது வருவேன் என்பதில்தான் அக்கறை. ஏசி அறையை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்க ஒரு வாரச் சண்டை நடந்தது. களிக்கு ஒரு மாதச் சண்டை. தண்ணீர் வரும் காலையில் அண்ணிக்கு முன்னால் எழுந்து குழாயடியில் நின்றுகொண்டேன். வெயில் காலத்தில் குழாயில் நூல் மாதிரித்தான் தண்ணீர் வரும். மெக்கானிக் கை சும்மா இருக்குமா? பழைய மோட்டார் ஒன்றைத் தேடிப்பிடித்து எங்கள் வீட்டுக் குழாயில் மாட்டிவிட்டேன். எங்கள் டிரம்கள் கால்மணியில் நிரம்பின. ஆறு மாதம் கழித்தும் தெருவில், எப்போ சார் பயணம் என்றுதான் கேட்டார்கள். நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். டீக்கடையில் இன்னும் துபாய் சார்தான்.

அடுத்த மே மாதம் தப்பு அடித்துச் சாற்றினார்கள். பண்ட வேஷத்தன்றைக்கு நான் எதையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. லீவு, அதனால் அண்ணன் கடையில் பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு கும்பல் வந்து அண்ணனைத் திட்டியது. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல விலகியது. அந்தக் கும்பலுக்குப் பின்னால், இந்த வயதில் தொப்பையெல்லாம் குங்குமம் பூசிக்கொண்டு, டீக்கடைக்காரன் நின்றிருந்தான். நேராக என்னிடம் வந்தான். கும்பிடப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"டேய் மோட்டார் திருடா. தெருவுக்கெல்லாம் ஒரு கொடம் தண்ணி, உனுக்கு மட்டும் நாலு டிரம்மாடா? எங்க ஊட்டுக் கொழாயில காத்துதான்டா வருது. உன் டிரம்முல பல்லி வுழ."

அது ஆரம்பம்தான். அதற்கப்புறம் அவன் போன இடங்களுக்கெல்லாம் நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. எதிர்வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்து, ஆமாம் நல்லா கேளு என்றார்கள். ஒரு வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மோட்டாரைச் சொன்னான், டிரம்மைச் சொன்னான், என் வழுக்கையைச் சொன்னான், காலையில் நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடியில் நிற்கிற அழகைச் சொன்னான். துபாயைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

மூச்சு வாங்க நிறுத்தினான். நான் பாத்திரமும் கையுமாக நின்றிருந்தேன்.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கிற" என்றார் அண்ணன். "திருப்பிக் குடுடா."

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, அவன் டீயிலிருந்து ஆரம்பித்தேன்.